அண்ணாச்சிக்கு உச்சி வெயில்

1

இங்கே பள்ளிக்கூடங்களுக்கு இலையுதிர்கால விடுமுறை விட்டுவிட்டார்கள். போன வருஷம் இதே விடுமுறையில்தான் அண்ணாச்சி என் வீட்டில் வந்து தங்கினார். ஊரில் இருந்து போனில் பேசுகிறவர்கள் அந்தக் கதையை இன்னும் விடுவதாக இல்லை. "அந்த ஓணான் விவகாரம் என்னலே ஆச்சு?" என்று பெரியப்பா மகன் மாசத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுகிறான். ஆளுக்குப் பாதி பாதியாகச் சொல்லி, தச்சநல்லூரில் இப்போது நாலு விதமான கதை நடமாடுகிறது. அதில் ஒன்றில் நான் ஓணானைப் பொரித்தே தின்றுவிட்டேனாம். அதனால் முழுசாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் எனக்காவது புரியுமா பார்க்கலாம்.

அண்ணாச்சி என்பது ஓர் ஓணானின் பெயர். நம்மூர் வேலியில் தலையாட்டுகிற வகை இல்லை. ஆஸ்திரேலியப் பாலைவனத்து இனம். முழங்கை நீளம் இருக்கும். தாடைக்குக் கீழே முள் முள்ளாகத் தாடி. மனசு சரியில்லை என்றால் அந்தத் தாடி கறுத்துப் போகும். வளர்ப்பவள் என் மகள் மதி. பெயர் வைத்தவளும் அவள்தான். ஒன்பது வயதில் ஊருக்குப் போயிருந்தபோது, அரிசிக்கடையில் என் அப்பா வயிற்றைத் தள்ளி, தாடையை உயர்த்தி, கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பதையும், வருகிறவன் போகிறவன் எல்லாம் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவதையும் பார்த்திருக்கிறாள். திரும்பி வந்து ஓணான் வாங்கியதும் வேறு பெயரே யோசிக்கவில்லை. அப்பாவுக்கு இது இன்றுவரை தெரியாது. படிக்கிறவர்கள் தயவுசெய்து அவரிடம் சொல்ல வேண்டாம்.

நான் இருப்பது நார்வேயில், ட்ரோன்ஹைம் என்கிற கடலோர ஊரில். மீன் பதனிடும் தொழிற்சாலையில் குளிர்பதன எந்திரங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. நானும் என் மனைவி கோமதியும் பிரிந்து வாழ ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காரணம் கேட்டால் எனக்கே கோர்வையாகச் சொல்லத் தெரியாது. மதி அம்மாவோடு இருந்தாள். எனக்கு ஒன்றுவிட்டு ஒரு சனி ஞாயிறு. சனிக்கிழமை மத்தியானம் வருவாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். ஒவ்வொரு தடவையும் அவள் பேச்சு சூடு பிடிக்கிற நேரத்தில் பஸ் வந்துவிடும்.

ஒரு வாரம் அம்மா வீடு, ஒரு வாரம் அப்பா வீடு என்று மாற்றித் தாருங்கள் என்று நான் கேட்டேன். இந்த நாட்டில் அதற்கு ஓர் ஆலோசனை அலுவலகம் இருக்கிறது. வட்டமேசை, தண்ணீர்க் கூஜா, கண்ணைத் துடைக்கக் காகிதப் பெட்டி. அங்கிருந்த அம்மாள் எங்கள் இருவரிடமும் கேட்டுவிட்டு, கடைசியில் பன்னிரண்டு வயதுப் பெண்ணிடம் கேட்டார்: "உனக்கு எது சரியாக இருக்கும்?"

"அப்பா வீட்டில் அண்ணாச்சி நன்றாக இருந்தால் நான் வருவேன்" என்றாள் மதி.

யார் அண்ணாச்சி என்று அந்த அம்மாள் கேட்டார். சொன்னோம். அவர் சிரிக்கவே இல்லை. முகத்தை மாற்றாமல் குறித்துக்கொண்டார். மதி இல்லாத வாரம் அம்மா வீட்டில் அண்ணாச்சிக்கு உயிருள்ள வெட்டுக்கிளி போட ஆள் கிடையாது, கோமதிக்கு அதைப் பார்த்தாலே குமட்டும். ஆகவே மதி எங்கே போனாலும் அவரும் கூடப் போயாக வேண்டும். முடிவு இதுதான்: இலையுதிர் விடுமுறையில் மதியும் கோமதியும் லண்டனில் உள்ள கோமதியின் தங்கை வீட்டுக்குப் போகிறார்கள். அந்த ஒரு வாரம் அண்ணாச்சி என் வீட்டில். அவர் நன்றாக இருந்தால் மகள் எனக்குப் பாதி மாதம். இல்லையென்றால் பழையபடி சனி ஞாயிறு.

என் மகள் என்னோடு இருப்பாளா என்பதை ஓர் ஓணான் தீர்மானிக்கப் போகிறது. இதை அப்பாவிடம் போனில் எப்படிச் சொல்வது என்று எனக்கு ரொம்ப நாள் தெரியவில்லை.

2

முதலில் வாடகை வீட்டுக்காரம்மாவிடம் அனுமதி வாங்க வேண்டும். எழுத்தில் கேட்டார், எழுத்தில் கொடுத்தேன். என் நார்வே மொழி வேலை பார்க்கிற இடத்துக் குழாய்க்கும் கம்ப்ரசருக்கும் போதும். ஓணானுக்குப் போதாது. 'என் மகளின் பெரியவர் ஒருவர் தங்க வருகிறார், அவர் கண்ணாடிப் பெட்டியில் இருப்பார்' என்கிற பொருளில் ஏதோ எழுதிவிட்டேன் போல. அந்த அம்மா நேரிலேயே வந்துவிட்டார். போட்டோவைக் காட்டிய பிறகு, "சத்தம் போடுமா?" என்று மட்டும் கேட்டார். போடாது என்றேன். "அப்படியானால் உங்களைப் போலத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது பாராட்டா என்ன என்று தெரியவில்லை.

அடுத்தது கடை. கழுத்தில் பல்லி பச்சை குத்திய ஒரு பெண் அங்கே இருந்தாள். பொறுமைசாலி. பெட்டியை முதலில் காட்டினாள், நாலடி நீளம். ஒரு முனையில் சூட்டு விளக்கு. அதற்கு நேர் கீழே ஒரு கல். அந்தக் கல்லின் மேல் நாற்பது டிகிரி இருக்க வேண்டும். மறு முனையில் இருபத்தைந்து போல. நடுவில் சூடு பைய இறங்க வேண்டும். ஓணானுக்கு உடம்புக்குள் சூடு உண்டாக்கத் தெரியாதாம். வேண்டும்போது சூட்டுப் பக்கம் போகும், போதும் என்றால் குளிர்ந்த பக்கம் வரும். நான் எனக்குப் புரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன்: ஒரு முனை திருநெல்வேலி, மறு முனை குற்றாலம்.

அதோடு முடியவில்லை. சூட்டு விளக்கு வேறு, வெயில் விளக்கு வேறு என்றாள். வெயிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர் இருக்கிறதாம், அது இல்லாவிட்டால் எலும்பு வளைந்துவிடுமாம். அதற்குத் தனியாக ஒரு நீளக் குழல் விளக்கு. ஜன்னலோரம் வைத்தால் போதாதா என்று கேட்டேன். கண்ணாடி அந்தக் கதிரை உள்ளே விடாது என்றாள். பிறகு சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு தெர்மோஸ்டாட், நேரத்துக்கு எரிய ஒரு டைமர், கல்லின் சூட்டைத் தள்ளி நின்றே அளக்க ஒரு துப்பாக்கி. எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. நம்மூரில் இதெல்லாம் வேலியில் சும்மா கிடக்கிறதே, நான் எதற்கு இவ்வளவு தூரம் வந்து இதைக் காசு கொடுத்து வாங்குகிறேன்?

தெர்மோஸ்டாட் எனக்குக் கைவந்த கலை என்று நினைத்தேன். வாழ்நாள் முழுக்க அதோடுதான் குடித்தனம். மாட்டினேன், நாற்பது வைத்தேன், விளக்கு எரியவே இல்லை. கம்பியைக் கழற்றி மாட்டினேன். பல்பை மாற்றினேன். ஒரு சனிக்கிழமை பூராவும் இருட்டுப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கடைசியில்தான் தெரிந்தது, பழக்க தோஷத்தில் அதைக் குளிரூட்டும் முறையில் வைத்திருக்கிறேன். சூடு நாற்பதைத் தாண்டினால் ஓட ஆரம்பிப்பேன் என்று அது காத்துக்கொண்டிருந்தது. ட்ரோன்ஹைமில் அது எந்தக் காலத்தில் தாண்டும்? மீனை உறைய வைக்கிறவன் கையில் வெயிலைக் கொடுத்தால் இப்படித்தான்.

அன்றைக்கு அப்பாவிடம் சொன்னேன். மதி வருவது அந்த ஓணான் கையில் இருக்கிறது என்பதையும் ஒருவழியாகச் சொன்னேன்.

"ஓணானுக்கு லைட்டு போடுதியாலே?"

"ஆமாப்பா. சூடு வேணும் அதுக்கு."

"எவ்வளவு?"

"நாப்பது."

"நாப்பதா?" போனில் அவர் மூச்சு விடுவது கேட்டது. "இங்கன அந்த நாப்பதுல கெடந்து சாவுதோம். நீ அங்கன காசு குடுத்து உண்டாக்குத. சரி, புள்ள வரும்னா செய்யி. அடுப்பையே பத்த வச்சாலும் தப்பில்ல."

3

நான் வெயிலை நினைத்து ஏங்குகிற ஆள் இல்லை. வெளிநாட்டுக்காரன் எழுதினால் ஊர் வெயிலைப் பற்றி உருக வேண்டும் என்று சிலருக்கு எதிர்பார்ப்பு இருக்கிறது. சித்திரை மாசம் தச்சநல்லூரில் மத்தியானம் ஒரு மணிக்குச் செருப்பில்லாமல் தார்ரோட்டைக் கடந்தவன் யாரும் அதைப் பற்றி உருக மாட்டான். நான் குளிர்பதனம் படித்ததே அந்த வெயிலில் இருந்து தப்பிக்கத்தான்.

எங்கள் கடைக்கு ஒரு சட்டம் உண்டு. பன்னிரண்டு அடித்தால் அப்பா மேலே பார்ப்பார். அப்புறம் முன்பக்கச் சாக்குப்படுதாவை இறக்கிவிட்டு, அதன் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வார். பலகையைப் போட்டுச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், மோர்ச்சோறு, அப்புறம் சிமெண்டுத் தரையில் துண்டை விரித்துத் தூக்கம். நாலு மணி வரைக்கும் கடவுளே வந்து அரிசி கேட்டாலும் கிடையாது. எங்கள் கடை மட்டுமா, தெருவே அப்படித்தான் கிடக்கும். ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள மருந்துக்கடையைத் தவிர வேறு கதவு திறந்திருக்காது. நாய்கள் மாட்டுவண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். உச்சி வெயிலில் நடமாடுகிறவனைப் பார்த்தால், "ஏம்லே, வீடு வாசல் இல்லையா ஒனக்கு?" என்று படுத்திருக்கிற யாராவது ஜன்னல் வழியாகக் கேட்பார்கள். சின்னப் பிள்ளைகளை அந்த நேரத்தில் வெளியே விடுகிற தாய் தகப்பனுக்குத் தெருவில் மரியாதை கிடையாது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், டைமரை நான் அமைத்தது இப்படித்தான். அது வட்டமான சாதனம். சுற்றிலும் சின்னச் சின்னப் பற்கள். எந்த நேரத்துக்கு விளக்கு எரிய வேண்டுமோ அந்தப் பற்களை அழுத்திவிட வேண்டும். காலை எட்டில் இருந்து அழுத்திக்கொண்டே வந்தேன். பன்னிரண்டில் என் விரல் நின்றது. நாலு மணிக்குப் போய் மறுபடி அழுத்த ஆரம்பித்து, இரவு எட்டில் முடித்தேன்.

யோசித்துச் செய்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நாற்பது டிகிரியில் ஒரு வாயில்லா ஜீவனை உச்சிப் பொழுதில் நிறுத்தி வைக்க என் விரலுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். பெட்டிக்குள் மண் ஓடு ஒன்றை நிழலுக்குக் கவிழ்த்து வைத்தேன். தண்ணீர் வைத்தேன். அந்த வாரமே அப்பாவும் போனில் கேட்டார்.

"மத்தியானம் லைட்ட அமத்திருதேல்லா?"

"ஆமாப்பா. பன்னெண்டுல இருந்து நாலு வரைக்கும்."

"அதான். அதுவும் ஒரு உசுருதான்."

இரண்டு பேருக்கும் அதில் பரம திருப்தி.

4

சனிக்கிழமை காலையில் மதி அண்ணாச்சியைக் கொண்டுவந்தாள். மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டிக்குள் சுடுதண்ணீர்ப் பை, அதன் மேல் துணி, துணி மேல் அவர். மதி முதலில் துப்பாக்கியை எடுத்துக் கல்லைச் சுட்டாள். நாற்பது. குளிர்ந்த பக்கம் சுட்டாள். இருபத்தாறு. குழல் விளக்கின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்தாள். எனக்கு வேலைக்கு நேர்முகத் தேர்வு நடந்தபோதுகூட இப்படி நெஞ்சு அடித்ததில்லை.

"நல்லாருக்குப்பா" என்றாள். அவள் தமிழ் அவள் தாத்தாவிடம் போனில் பேசிப் பழகிய தமிழ். "அவரு காலைல இலை திம்பாரு. பதினொரு மணிக்கு வெட்டுக்கிளி. நீங்க வேலைக்குப் போயிருவீங்க, அதனால காலைலயே ரெண்டையும் வச்சிருங்க. டெய்லி எனக்கு வீடியோ போடுங்க."

போகும்போது கண்ணாடியில் விரலை வைத்து, "அண்ணாச்சி, வாறேன்" என்றாள். என்னிடம் கையை மட்டும் ஆட்டினாள்.

முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. காலையில் விளக்கு வந்ததும் அவர் கல்லில் ஏறித் தட்டையாகப் படுத்தார், வாயைத் திறந்தார், வைத்ததைச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் இலை அப்படியே கிடந்தது. நான்காம் நாள் வெட்டுக்கிளி அவர் முதுகிலேயே ஏறி உட்கார்ந்திருந்தது, அவர் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். தாடி கறுத்துவிட்டது. உடம்பும் மங்கிக்கொண்டு வந்தது. விளக்கு எரிந்தாலும் கல்லுக்கு வராமல் ஓட்டுக்கு அடியிலேயே கிடந்தார்.

"அவரு ஏன் கறுப்பா இருக்காரு?" என்று மதி வீடியோவில் கேட்டாள்.

"ஊரு புதுசுல்லா. பழகிரும்."

"சூடு எவ்வளவு?"

காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்பு அளந்தேன், நாற்பது. சாயங்காலம் ஐந்தரைக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அளந்தேன், நாற்பது. பெட்டிக்குள் வைத்திருந்த வெப்பமானி அன்றைய அதிகச் சூட்டையும் குறைந்த சூட்டையும் நினைவில் வைத்துக்கொள்ளும். அதிகம் நாற்பது, குறைவு இருபது. இருபது ராத்திரிக்குச் சரி என்று கடைக்காரப் பெண்ணே சொல்லியிருக்கிறாள். எல்லா எண்ணும் சரியாக இருக்கிறது, ஓணான் மட்டும் சரியாக இல்லை. தொழிற்சாலையில் இப்படி ஒரு எந்திரம் நடந்துகொண்டால் நான் எண்ணை நம்புவதா எந்திரத்தை நம்புவதா என்று குழம்பியதே கிடையாது. இங்கே ஒன்றும் ஓடவில்லை. பல்பை மாற்றினேன். தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். பெட்டி வாசலுக்கு எதிரே இருப்பதால் காற்று அடிக்கிறதோ என்று இழுத்துச் சுவரோரம் வைத்தேன். வாஸ்துவா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை அவரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் போனேன். வைத்தியர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண்ணில் லைட் அடித்தார். நோய் ஒன்றும் தெரியவில்லை, சாப்பிட்டது செரிக்காமல் கிடக்கிறது என்றார்.

"விளக்கு எத்தனை மணியில் இருந்து எத்தனை மணி வரை?"

"காலை எட்டில் இருந்து இரவு எட்டு வரை."

"சரிதான்" என்றார். அவருக்கும் குழப்பம்.

நான் பொய் சொல்லவில்லை. கடை எத்தனை மணி வரைக்கும் என்று யாராவது கேட்டால் அப்பா, "காலைல ஏழுல இருந்து ராத்திரி ஒம்பது வரைக்கும்" என்றுதான் சொல்வார். மத்தியானம் சாத்துவதைத் தனியாக யாராவது சொல்வார்களா? அது கேட்கிறவனுக்கே தெரிந்திருக்க வேண்டியது. எனக்கு அது விளக்கை அணைத்ததாகவே கணக்கில் இல்லை.

அன்றைய வீடியோவில் மதி அண்ணாச்சியை மட்டும் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "அவரு செத்துருவாராப்பா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை. அண்ணாச்சி பிழைக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அண்ணாச்சிக்காக இல்லை. அவர் போனால் இவளும் வர மாட்டாள். இதை நினைத்து அவரிடமே வெட்கமாக இருந்தது. அவர் ஓட்டுக்கு அடியில் இருந்து ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

5

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். பெட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நாள் முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தால் ஏதாவது பிடிபடும் என்று நினைப்பு. பத்து மணிக்கு மேல் அவர் பைய ஓட்டுக்கு வெளியே வந்தார். கல்லில் ஒரு கையை வைத்தார். பதினொன்றுக்கு முழுசாக ஏறிவிட்டார். கறுப்பு கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. நான் மூச்சுக்கூடப் பலமாக விடவில்லை. ஒரு வெட்டுக்கிளியைப் பார்த்துத் தலையைத் திருப்பினார். வாயில் போட்டும்விட்டார். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு டைமர் டக் என்றது. விளக்குகள் அணைந்தன.

அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நல்லது, சாப்பிட்டாயிற்று, கொஞ்சம் கண்ணசரட்டும் என்று நினைத்தேன். நானும் தயிர்ச்சோறு தின்றுவிட்டு, பெட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் போர்வையை விரித்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்தேன். வெளியே ஆலங்கட்டி மழை. வாரம் முழுக்க வராத தூக்கம் அப்போது வந்தது.

அழைப்புமணி அடித்து எழுந்தபோது மணி இரண்டரை இருக்கும். கதவைத் திறந்தால் மதியும் கோமதியும், கையில் விமான நிலையத்துப் பெட்டிகள். சனிக்கிழமை வர வேண்டியவர்கள். மதி அங்கே சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்து, கோமதி டிக்கெட்டை மாற்றி அழைத்து வந்திருக்கிறாள். மதி என்னைத் தாண்டி உள்ளே ஓடினாள்.

"கரண்டு போயிட்டா?" என்றாள் இருட்டில் நின்று.

"இல்லம்மா."

"பின்ன ஏன் லைட்டு எரியல?"

"மத்தியானம்லா. ரெஸ்டு."

"யாருக்கு?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். தரையில் என் போர்வை கிடந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி ஓட்டுக்கு அடியில் கறுத்துப் போய்க் கிடந்தார். இரண்டையும் ஒன்றாகப் பார்த்தபோதுதான் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. என்ன தப்பு என்று அப்போதும் முழுதாகப் பிடிபடவில்லை.

மதி சூட்டுத் துப்பாக்கியால் கல்லைச் சுட்டாள். இருபது. டைமர் முன்னால் குனிந்து பற்களை விரலால் தடவினாள். "எத்தனை நாளா இப்படி?"

"வந்ததுல இருந்து. உச்சி வெயில்ல எப்படிம்மா..." என்று ஆரம்பித்தேன்.

வாசலில் கோட்டைக் கழற்றாமல் நின்றிருந்த கோமதியிடம் இருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவளும் பாளையங்கோட்டையில் பிறந்தவள். அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "ஓணானுக்குக் கடையச் சாத்திருக்காவ" என்று மட்டும் சொன்னாள். அவள் என் முன்னால் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நானும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன்.

மதி சிரிக்கவில்லை. அண்ணாச்சியை எடுத்து ஸ்வெட்டருக்குள் விட்டு வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டாள்.

"சூடு இருந்தாத்தாம்பா அவருக்குத் தின்னது செரிக்கும். மத்தியானம்தான் ரொம்ப வேணும். நீங்க சாப்பாடு குடுத்துட்டு அடுப்பை அமத்திட்டீங்க." அப்புறம், "என்ட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?" என்றாள்.

கேட்டிருக்கலாம்தான். எனக்குத் தெரியாத எல்லாவற்றையும் நான் கேட்டேன். இது எனக்குத் தெரிந்த விஷயம் என்றல்லவா நினைத்திருந்தேன்.

தெர்மாகோல் பெட்டியில் சுடுதண்ணீர்ப் பையை வைத்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் டாக்சியில் போனார்கள். நான் தரையில் கிடந்த போர்வையை மடித்து வைத்தேன். அப்புறம் என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் விரித்தேன்.

அப்பாவிடம் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. ஓணான் மேல்தான். "என்ன ஜென்மம்லே அது, மத்தியானம் தூங்காம?" என்றார். அப்புறம் குரலை இறக்கி, "புள்ள வருமாலே?" என்று கேட்டார்.

"தெரியலப்பா" என்றேன்.

6

அண்ணாச்சி அம்மா வீட்டில் நாலே நாளில் தேறிவிட்டார் என்று கோமதி செய்தி அனுப்பினாள். கூடவே, மதி குளித்துக்கொண்டிருந்தபோது இடுக்கியால் பிடித்து ஒரு வெட்டுக்கிளியைத் தானே போட்டதாகவும், வாந்தி வரவில்லை என்றும் எழுதியிருந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே சமயம் பயமாகவும் இருந்தது. அங்கேயே வெட்டுக்கிளி போட ஆள் கிடைத்துவிட்டால், அவர் என் வீட்டுக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. மதிக்கும்தான்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி அந்த வட்டமேசை. அதே தண்ணீர்க் கூஜா. அலுவலக அம்மாள் தன் பழைய குறிப்பைப் பார்த்துக்கொண்டு, "அண்ணாச்சி எப்படி இருந்தார்?" என்று முறையாக விசாரித்தார். அந்தப் பெயரை அவர் வாயில் கேட்கக் கஷ்டமாக இருந்தது.

"நன்றாக இல்லை" என்றாள் மதி.

நடந்ததை மறைக்காமல் சொன்னாள். என்னைக் குறை சொல்லுகிற தொனி இல்லை, விளக்கு எத்தனை மணிக்கு அணைந்தது, அதனால் என்ன ஆனது என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போலச் சொன்னாள். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். மத்தியானம் ஏன் அணைத்தீர்கள் என்று கேட்டார். அரிசிக்கடை, சாக்குப்படுதா, சிமெண்டுத் தரை எல்லாவற்றையும் நார்வே மொழியில் எப்படிச் சொல்வது? "எங்கள் ஊரில் அது வழக்கம்" என்றேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

"அப்படியானால் அண்ணாச்சி அம்மாவோடு இருப்பார்" என்றார் மதியிடம்.

"ஆமாம். அவரை அப்பாவை நம்பி விட முடியாது."

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோமதி தண்ணீர் டம்ளரை என் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"ஆனால் நான் போவேன்" என்றாள் மதி. "ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்."

அந்த அம்மாளின் பேனா நின்றது. "அண்ணாச்சி அங்கே நன்றாக இருந்தால்தான் போவேன் என்று நீ சொல்லியிருந்தாயே?"

மதி தோளைக் குலுக்கினாள். "குளிருகிறது என்று அண்ணாச்சிக்குச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும்."

அது எனக்குக் கிடைத்த மன்னிப்பா, எச்சரிக்கையா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, காகிதத்தைத் திருப்பி என் முன்னால் வைத்து எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடம் விட்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு, ஈரச் சாக்ஸோடு சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். நான் அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"அப்பா" என்றாள், தலையைத் தூக்காமல். "குளுருது."

ஓடிப்போய்ச் சுவரில் உள்ள ஹீட்டரின் திருகில் கையை வைத்தேன். "எத்தனைல வைக்கட்டும்மா?"

"தெரியலப்பா. பைய கூட்டுங்க. நான் போதும்னு சொல்லுதேன்."

திருகினேன். அவள் எழுதிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் திருகிவிட்டு, கையை எடுக்காமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.